மாட்டுக்காரர் அறையில் கடைசி நாட்கள்

மாசி (பெப்ரவரி) 3, செவ்வாய்

பீஸ் காற்று, இந்த ஊர் வாடை. ஏரிப் பக்கமிருந்து வந்து காதை அறுக்கிறது. தொப்பியை வீட்டில் விட்டுவிட்டு வந்தது என் கெட்டித்தனம். ட்ராமில் இருக்க இடமில்லை.

புதுக் கொப்பி, மகள் அனுப்பியது. யார் யார் என்று முதலிலேயே எழுதி வைப்போம். வயது போனபின் எடுத்து வாசித்தால் எனக்கே விளங்க வேண்டும்.

நான்: தேவகி. ஐம்பத்தொன்று. ஜெனீவாவில் ஒரு மியூசியத்தில் அறைக் காவல். "தொடாதீர்கள் மேடம், தள்ளி நில்லுங்கள் மிஸியே" என்று பிரெஞ்சில் சொல்வதற்குச் சம்பளம். மனுசன் செத்தபிறகு பிடித்த வேலை.

மகள்: ஷாஃப்ஹவுசனில். கலியாணம் முடித்துச் சுகமாக.

மே. ப.: எங்கள் மேலாளர் மேடம். நல்ல மனுசி, சத்தம் அதிகம்.

ர. அண்ணை: படம் மாட்டுவது, கழற்றுவது, பல்பு, ஈரப்பதம் காட்டும் சின்னப் பெட்டி எல்லாம் அவர் பொறுப்பு. மட்டக்களப்பு. கலியாணம் செய்யாதவர். இந்தக் கண்காட்சியோடு அவருக்கு வேலை முடிகிறது.

மாட்டுக்காரர்: இரண்டாம் அறை ஓவியர். பிரெஞ்சுக்காரர், பத்தொன்பதாம் நூற்றாண்டு. உண்மைப் பெயர் என் வாயில் ஒழுங்காக வராது. எழுதினால் ஒரு முழம் நீளம், சொல்லும்போது பாதி எழுத்து வேலைக்கு வருவதில்லை. ஆகவே மாட்டுக்காரர். குளம், மரம், மாடு, மாலை வெளிச்சம். அறை முழுக்க இதுதான்.

இன்று ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது. தகப்பன் சொன்னது: "மாடு பாக்கிறதெண்டா ரயிலில ஏறி ஜன்னலால பாத்திருக்கலாமே. இதுக்கு டிக்கெட் வேறயோ?" நான் தமிழ் தெரியாதவள் மாதிரி நின்றேன். சிரிப்பை அடக்கியதில் வயிறு நொந்தது.

15ஆம் திகதியோடு கண்காட்சி முடிவு.

மாசி 4, புதன்

காற்று விட்டது. மூடுபனி. எதிர்க் கட்டடம் தெரியவில்லை.

மத்தியானம் ஓய்வறையில் கேக். ர. அண்ணைக்குப் பிறந்தநாளாம். "ஐம்பது! ஐம்பது!" என்று மே. ப. கட்டடம் அதிரக் கத்தினார். ர. அண்ணை வெட்கப்பட்டுக் கத்தியைத் தலைகீழாகப் பிடித்தார். எல்லோரும் கை தட்டினோம்.

ஐம்பதென்றால் என்னை விட ஒரு வயது இளையவர். அண்ணையாம் அண்ணை.

படங்கள் பெட்டியில் வந்து இறங்கிய அன்றுதான் முதலில் கண்டது. நரைத்த தலை, தமிழ் முகம். "அண்ணை, தமிழோ?" என்று கேட்டுவிட்டேன். நம்மவர் யாரைக் கண்டாலும் வாயில் வருவது அதுதானே. பஸ்ஸில் அண்ணை, மரக்கறிக் கடையில் அண்ணை, வழி கேட்டாலும் அண்ணை. அவரும் உடனே, "ஓம் தங்கச்சி" என்றார். முடிந்தது அலுவல். அதன்பிறகு நாள்தோறும் அண்ணை, தங்கச்சி, அண்ணை, தங்கச்சி.

கேக் நல்லாயிருந்தது. இரண்டாம் துண்டு எடுத்தேன். யாருக்குச் சொல்ல.

மாசி 6, வெள்ளி

கால் வலி. சப்பாத்து மாற்ற வேண்டும்.

மாட்டுக்காரர் ஒரே குளத்தை இரண்டு முறை வரைந்திருக்கிறார். இடது பக்கச் சின்னப் படம், இளமையில் குளக்கரையிலேயே இருந்து வரைந்தது. சேறு, ஒரு பட்ட மரம், குளம்பு மிதித்த தடங்கள். அழகென்று சொல்ல முடியாது. வலது பக்கப் பெரிய படம், கிழவயதில் பாரிஸில் அறைக்குள் இருந்து நினைவில் வரைந்தது. அதில் சேற்றைக் காணோம். இலையெல்லாம் புகை மாதிரி. தண்ணீருக்குள் மூன்று மாடுகள். இந்தக் கரையில் சிவப்புத் தொப்பி போட்ட ஒருத்தி குனிந்து சுள்ளி பொறுக்குகிறாள். அக்கரையில் வள்ளத்தில் ஒருவன்.

சின்னப் படத்தில் அந்த இரண்டு பேரும் இல்லை. இன்றுதான் கவனித்தேன். இத்தனை மாதம் காவல் காத்த லட்சணம்.

ஆக, அங்கே ஆளே இருந்ததில்லை. வயது போனபிறகு இவராக இரண்டு பேரைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். கலியாணம் செய்யவில்லை என்று சுவர்க் குறிப்பில் இருக்கிறது. அதன் கீழே, மேய்ச்சல் நிலத்தின் அமைதி என்று எழுதியிருக்கிறார்கள். வருகிறவர்களும், ஆகா என்ன அமைதி, என்று சொல்லிவிட்டுக் கோப்பி குடிக்கப் போகிறார்கள். எனக்கு அமைதி ஒன்றும் தெரியவில்லை. சுள்ளி பொறுக்குகிறவளின் கையில் ஒரு சுள்ளி கூட இல்லை. அவள் அங்கே நிற்க ஒரு சாட்டு வேண்டும், அவ்வளவுதான்.

ர. அண்ணை கண்ணாடி துடைக்க வந்தார். கேட்டேன்.

"அண்ணை, அந்த வள்ளக்காரன் வாறானோ போறானோ?"

கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். "வாறதும் இல்ல, போறதும் இல்ல தங்கச்சி. சும்மா நிக்கான்."

"ஏன் நிக்கிறான்?"

"ஆரும் கூப்பிட்டாத்தானே வாறதுக்கு."

சிரித்துக்கொண்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் அறைக்குப் போய்விட்டார். அவர் போனபிறகு அறை பெரிதாகத் தெரிந்தது. எழுதக் கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன்: அந்த மனுசன் அறைக்குள் வருவதற்காகத்தான் நான் காலையில் எழும்புகிறேன்.

மாசி 8, ஞாயிறு

வெயில் கொஞ்சம். பிள்ளைகள் தரையில் படுத்துக் கிடந்து மாடு வரைந்தார்கள். ஒருத்தியின் மாட்டுக்கு ஆறு கால். "ஓடுது" என்று விளக்கம் தந்தாள்.

மகளோடு போனில்.

"அம்மா, மியூசியத்தில வேற ஒருத்தரும் வேலை செய்யிறேல்லையோ?"

"ஏன் கேக்கிறாய்?"

"அண்ணை கேக் வெட்டினவர், அண்ணை வள்ளத்தைப் பற்றிச் சொன்னவர், அண்ணை மீன் வெட்டுற விதம் காட்டினவர். நீங்கள் வேற ஒருத்தரைப் பற்றியும் கதைக்கிறேல்ல."

"உனக்கு வேற வேலை இல்லையோ?"

"அம்மா, உங்களுக்கு அவரில விருப்பமோ?"

அடுப்பில் பால் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. என் பிள்ளைக்கு அது தெரியும்.

மாசி 10, செவ்வாய்

குளிர். மெல்லிய பனி, நிலத்தில் படியவில்லை.

இடைவேளையில் ர. தேடி வந்தார். நான் தேநீரை ஊதிக்கொண்டிருந்தேன். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கினார்.

"தங்கச்சி, ஒரு உதவி. என்ட கடைசித் தங்கச்சி ஊரில இருந்து ஒரு இடம் பேசிருக்கு. இன்டர்லாக்கன்ல பொண்ணு, ஹோட்டல் கிச்சன்ல வேலை. நம்மட ஊர்ப் பக்கம்தான். அண்ணன்காரனும் அந்த ஹோட்டல்லதான். சரிவந்தா எனக்கும் அங்கயே வேலை எடுத்துத் தருவாராம்."

"நல்லம்" என்றேன். வேறு என்ன சொல்வது.

"இருபத்திரண்டாம் திகதி வரச் சொல்லிரிக்கு. தனிய ஒரு ஆம்புளை போய் நிக்கேலாதுதானே. தங்கச்சிமார் மூணு பேரும் ஊரில. மறுகா எனக்கு இங்க ஆரு இரிக்கு? நீங்கதான் தங்கச்சி முறைக்கு வரணும்."

மறுகா என்றால் அவர்கள் பக்கத்தில் 'பிறகு'. அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் நான் கேலி செய்வேன். இன்று செய்யவில்லை.

"ஓம் அண்ணை, வாறன்" என்றேன். வாய் தானாகச் சொன்னது. இந்த வாய்தான் முதல் நாளும் தானாகச் சொன்னது.

தேநீர் ஆறிப் போய்விட்டது. தொட்டியில் ஊற்றிவிட்டேன்.

மாசி 11, புதன்

ஓய்வு நாள். செய்தவை:
குளியலறை தேய்த்தது.
ஜன்னல் துடைத்தது, உள்ளும் வெளியும்.
அரைக்கீரை என்று நம்பி வாங்கிய ஏதோ கீரை. கசப்பு.
மீன், அவர் காட்டிய விதத்தில் வெட்டியது. பிறகு சாப்பிடப் பிடிக்கவில்லை.
அழுதது, கொஞ்சம்.

எனக்குக் கோபம் அவரிலும் இல்லை, அந்தப் பெண்ணிலும் இல்லை. அண்ணை என்ற சொல்லில்தான். ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பிறகு முறை சொல்லலாம். முறை சொல்லிக் கூப்பிட்ட ஆளை எப்படித் திருப்பிக் கூப்பிடுவது? கடையில் வாங்கிய சட்டையென்றால் மாற்றித் தருவார்கள்.

மாசி 13, வெள்ளி

மழை.

ஒரு முடிவு எடுத்தேன். இன்று முழுக்க 'அண்ணை' சொல்வதில்லை. சொல்லாமலே கதைப்பது. பார்க்கலாம் என்ன வருகிறதென்று.

காலையில் முகத்துக்கு நேரே பார்த்துச் சமாளித்தேன். மத்தியானம் அவர் ஏணியில், முதுகு எனக்கு. கீழே ஒரு வயோதிப மாது ஏணிக்கடியால் நுழையப் போகிறார். கூப்பிட வேண்டும். அண்ணை வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை.

"இஞ்சருங்கோ!"

சொன்ன பிறகுதான் விளங்கியது. என் தாய் தகப்பனைக் கூப்பிட்டதும் இப்படித்தான். நான் என் மனுசனைக் கூப்பிட்டதும் இதே மாதிரித்தான். யாழ்ப்பாணத்தில் பெண்டாட்டி புருசனைக் கூப்பிடுகிற விதம் அது.

அவர் திரும்பினார். என்னைப் பார்த்தார். பிறகு, யாரை என்று தேடுவது போல் பின்னாலும் பார்த்தார். அங்கே மூன்று மாடுகளும் சிவப்புத் தொப்பிக்காரியும்தான்.

"என்னையா தங்கச்சி?"

"ஓம். கீழ ஆள் போகுது" என்றேன்.

நான் மற்ற அறைக்குப் போய், தேவையில்லாமல் ஒரு சின்னப் பிள்ளையைத் தொடாதே என்று அதட்டினேன். அது தொடவே இல்லை, பாவம்.

மாசி 15, ஞாயிறு

கடைசி நாள். சரியான கூட்டம். கடைசி நாளில் வந்து மூச்சுத் திணறப் பார்ப்பது இந்த ஊரின் பழக்கம். சிவராத்திரி வேறு. கோயிலுக்குப் போகவில்லை, விரதமும் இல்லை. சிவன் மன்னிப்பார்.

கேட்டவை:
"இந்தக் குளம் இப்போதும் இருக்கிறதாமா?"
"இல்லை, கார் நிறுத்துமிடமாம்."
"என் பாட்டி வீட்டுச் சாப்பாட்டறையில் இப்படி ஒன்று இருந்தது, போலி."

பூட்டுகிற நேரம் அறை வெறுமையானபோது பெரிய படத்துக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்தேன். முதல் தடவை, பார்ப்பதற்காக மட்டும். கிழவர் பாரிஸில் குளிரில் இருந்துகொண்டு, வாழ்க்கையில் நடக்காததை அந்தக் கரையில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். வைத்தவர் கிட்டக் கிட்ட வைத்திருக்கலாமே. அவளை ஒரு கரையிலும் அவனை மற்றக் கரையிலும் வைப்பானேன்? நடுவில் மாட்டை வேறு நிற்பாட்டி. அதுக்குமேல் வைக்கக் கை வரவில்லையாக்கும்.

கிழவரில் கொஞ்சம் கோபமாக இருந்தது.

மாசி 17, செவ்வாய்

வெயில். வெளியே அழகு, உள்ளே இடிபாடு.

படம் கழற்றும்போது அறையில் காவலாள் ஒருவர் நிற்க வேண்டும் என்பது சட்டம். மே. ப. என்னைப் போட்டார். ர. கையுறையோடு. கூட வேலை செய்யும் வெள்ளைக்காரப் பொடியன் பெரிய படத்தின் மற்றத் தலைப்பைப் பிடிக்க, இருவருமாக இறக்கி, மேசையில் விரித்த கம்பளியில் கிடத்தினார்கள். சுவரில் சதுரமாக வெளிறின இடம். பொடியன் பெட்டி எடுக்கப் போனான்.

ர. படத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"மூணு தங்கச்சிமாரையும் கரை சேத்துப்போட்டு நிமிர்ந்து பாத்தா தலை நரைச்சுப் போச்சு. மறுகா ஆரு எனக்குப் பொண்ணு தருவாங்க எண்டு விட்டுட்டன்."

"நீங்க முதல் நாளே அண்ணை எண்டு கூப்பிட்டது நல்லதாப் போச்சு தங்கச்சி."

"ஏன் நல்லம்?"

"மனசை அலைய விடாம வச்சிருந்தன். தங்கச்சி எண்டு வந்தாப் பிறகு வேற நினைப்பு பாவம்தானே."

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஒரு மெல்லிய கடதாசியை எடுத்துப் படத்தின் மேல் விரித்தார். சிவப்புத் தொப்பிக்காரி மங்கிப் போனாள். பொடியன் பெட்டியோடு வந்துவிட்டான்.

அலைய விடாம வச்சிருந்தன் என்றால், அது அலையப் பார்த்தது என்றுதானே அர்த்தம்? அல்லது நான்தான் எனக்கு வேண்டியபடி அர்த்தம் செய்கிறேனா? கேட்டிருக்கலாம். கதவடியில் நின்று, படத்துக்குக் காவல் காத்தேன்.

மாசி 19, வியாழன்

இரண்டாம் அறைக்கு வெள்ளை அடிக்கிறார்கள். மணம் தலையிடி.

வாங்க வேண்டியவை: ஆப்பிள், திராட்சை, தோடம்பழம், நல்ல சொக்லேட், தட்டுக்கு மேல் போடக் கண்ணாடித் தாள். மாப்பிள்ளையின் தங்கச்சி வெறுங்கையோடு போகக் கூடாது.

சேலையா காற்சட்டையா? சேலை. குளிர்ந்து செத்தாலும் சேலை.

மாசி 23, திங்கள்

மழை. மியூசியம் பூட்டு. நேற்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஸ்டேஷனில் ர. புதுச் சேர்ட், பழைய கோட், சவரம் செய்த இடத்தில் சின்ன வெட்டு. "வடிவாயிருக்கோ தங்கச்சி?" என்று கேட்டார். ஓம் என்றேன். உண்மையும் அதுதான். போகும் வழியெல்லாம் பழத்தட்டு என் மடியில்.

இன்டர்லாக்கன். ஸ்டேஷனுக்குப் பின்னால் அண்ணன்காரரின் வீடு. ரோல்ஸ், வடை, தேநீர். பெண்ணின் பெயர் கலா. நாற்பத்தைந்து இருக்கும். மணிக்கட்டில் எண்ணெய் சுட்ட தழும்பு, அதை மறைக்கவும் இல்லை. நான் குற்றம் கண்டுபிடிக்கத்தான் போயிருந்தேன், இப்போது மறைப்பானேன். ஒன்றும் அகப்படவில்லை. சிரிப்பு நல்ல சிரிப்பு.

அண்ணன்காரரும் ர.வும் ஹோட்டல் வேலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்க, கலா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள்.

"அக்கா, அண்ணாவுக்கு அவசரம். எனக்கு அவசரமில்ல. நீங்க உங்கட வாயால சொல்லுங்க. நல்ல மனுசனா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு சின்ன இழுவை இழுத்திருந்தால் போதும்.

"ஓம். இதைவிட நல்ல மனுசனை நான் காணேல்ல."

"குடி?"

"இல்லை."

"கோபம்?"

"ஏணி விழுந்தாலும் ஏணியிட்ட மன்னிப்புக் கேக்கிற ஆள்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு என் சிரிப்பு நிற்கவில்லை, அது வேறெங்கோ போய் அழுகையாகிவிட்டது. ஒரு கலியாணப் பேச்சில், பெண்ணின் குசினியில், சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிற்கிறேன். மாப்பிள்ளையின் தங்கச்சி.

கலா அடுப்பை நிறுத்தினாள். என்னையே பார்த்தாள்.

"நீங்க அவருக்குச் சொந்தத் தங்கச்சியா அக்கா?"

"இல்லை. சொந்தமும் இல்லை, தங்கச்சியும் இல்லை."

"அவருக்குத் தெரியுமா?"

தலையை ஆட்டினேன், இல்லை என்று. அவள் ஒரு துவாயை நனைத்துத் தந்தாள். "முகத்தத் துடைச்சிட்டு வாங்க. உங்க ரெண்டு பேருக்கும் நடுவில வந்து நிக்க எனக்குத் தேவையில்ல" என்றாள். குரலில் கோபமில்லை. கொஞ்சம் களைப்பு இருந்தது. அவளும் அன்று நல்ல சேலைதான் கட்டியிருந்தாள்.

வெளியே போய் எல்லார் முன்னாலும் சொன்னாள். "அண்ணா, எனக்கு இது சரிவராது. அவரில ஒரு குறையும் இல்ல. வற்புறுத்தாதீங்க." அண்ணன்காரர் முகம் கறுத்தது. ஹோட்டல் வேலைப் பேச்சும் அந்த இடத்திலேயே நின்றுபோனது. நாங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டோம்.

ரயிலில் ர. எனக்கு எதிரில். தூன் ஏரி ஜன்னலோடு கூட வந்தது. பிறகு கேட்டார், மெதுவாக, என்னைப் பார்க்காமல்.

"என்னில என்ன குறை தங்கச்சி? குசினிக்குள்ள என்ன சொன்னவ?"

அந்த மனுசனின் கலியாணமும் போய், வேலையும் போய், அதற்குக் காரணமானவளிடமே ஆறுதல் கேட்கிறார். இதற்குமேல் என்னால் முடியவில்லை.

"உங்களில குறை இல்லை. நான்தான் அழுதுபோட்டன். அவ கண்டிட்டா."

"ஏன் அழுதீங்க?"

"என்னைத் தங்கச்சி எண்டு கூப்பிடாதேங்கோ. நானும் இனி உங்களை அண்ணை எண்டு கூப்பிட மாட்டன். வாய் தவறிக் கூப்பிட்டது. நீங்கள் என்னைவிட ஒரு வயசு இளமை, அது தெரியுமோ?"

கடைசி வசனம் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. பக்கத்து இருக்கைச் சுவிஸ் மனுசி பத்திரிகையைத் தாழ்த்தி எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி உயர்த்தினாள். ர. தன் கைகளைப் பார்த்தார். காது இரண்டும் சிவந்துபோயிருந்தன.

"மறுகா நான் உங்கள என்னெண்டு கூப்புடுற?"

"எனக்குப் பேர் இருக்கு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். நாளைக்கு இந்த மனுசன் எந்த மியூசியத்திலும் என் கண்ணில் படமாட்டார் என்று நினைத்தேன்.

பேர்ண் வந்தது. ஜெனீவாவுக்கு இங்கே ரயில் மாற வேண்டும். எல்லோரும் எழும்பினார்கள், கோட்டு, பை, குழந்தை வண்டி. அவர் எழும்பினால் நானும் எழும்பலாம் என்று இருந்தேன். அவர் எழும்பவில்லை. ஆட்கள் இறங்கி, புது ஆட்கள் ஏறினார்கள். கதவு மூடுகிற சத்தம் கேட்டது.

"தேவகி" என்றார்.

முன்னும் இல்லை, பின்னும் இல்லை, வெறும் தேவகி. மூன்று எழுத்தைச் சொல்லி முடிக்க அவருக்கு வியர்த்துவிட்டது.

ரயில் வெளிக்கிட்டது. அது பாசலுக்குப் போகிற ரயில்.